கண்மடல்

புளியந்துறைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்தால், முதல் உலக்கை கந்தப்போடியாரின் குடிக்குத்தான். அம்மனுக்குப் படைக்கும் அரிசிக்கான நெல்லை உரலில் கொட்டி, அந்தக் குடியில் பிறந்த கன்னிப்பிள்ளை ஒருத்தி மூன்று தரம் குத்திய பிறகே மற்றக் குடிப் பெண்கள் உலக்கையில் கை வைப்பார்கள். வெள்ளம் வயல்வட்டையைத் தின்ற வருசமும், ஊரே இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய வருசமும்கூட அந்த ஒழுங்கு பிசகவில்லை. போடியார் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியாக இறங்குவது. போடியாரின் சொந்தப் பிள்ளைகள் அவருடைய மனைவியின் குடியைச் சேர்ந்தவர்கள். அவர் பிறந்த குடியை அவருக்குப் பின் கொண்டுபோக வேண்டியது அவருடைய தங்கையின் வயிறு. கடைசித் தங்கை அன்னப்பூரணிக்கு ஒரே மகள், கம்சாயினி. முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். குடியில் இன்றைக்கு உலக்கை தூக்க இருக்கிற கன்னிப்பிள்ளை அவள் ஒருத்திதான்.

கதவு திறப்பதற்கு முதல் நாள். கச்சான் காற்று காலையிலிருந்தே மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சிறுபோக வேளாண்மை முழங்கால் உயரத்தில் தண்ணீருக்கு ஏங்கி நிற்க, வாய்க்கால் முறைக்காக இரண்டு பேரோடு வாய்த்தர்க்கப்பட்டுவிட்டுப் போடியார் நேரே தங்கை வீட்டுக்கு வந்தார். வளவு கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. மீன் சமைத்த சட்டிகளைக் கழுவி வேலியோரம் கவிழ்த்திருந்தார்கள். வீட்டில் ஆள் இல்லை. தாயும் மகளும் காலையிலேயே டவுன் ஆசுப்பத்திரிக்குப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. அவர் கதிரையை மாமர நிழலில் இழுத்துப் போட்டு, முதுகு சாய்க்காமல் இருந்தார். முதுகு சாய்த்து அவர் இருந்ததை ஊரில் கண்டவர்கள் குறைவு.

பகல் பாதையில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஆற்றைக் கடத்துகிற அந்த இரும்பு மிதவையைத்தான் இங்கே பாதை என்பது. படலையைத் திறந்த கம்சாயினியின் வலது கண்ணை, ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று மூடியிருந்தது. சுற்றிவர வெள்ளைப் பிளாஸ்டர்.

"இப்பிடியேயா துறையில இருந்து வந்த நீ?" என்றார் போடியார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஓம் மாமா. பாதையில வந்த சனமெல்லாம் பார்த்த. ரெண்டு ஆடும் நிண்டது, அதுகளும் பார்த்த."

"பகிடி விடாத. கழட்டு அத."

"கழட்டக் கூடாதெண்டு சொல்லித்தான் ஒட்டின."

அன்னப்பூரணி இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். அழுததா வியர்வையா என்று தெரியாதபடி துடைப்பதில் அவள் கெட்டிக்காரி.

"அண்ணன், குழாய் வெளிய வந்திட்டுதாம். மேல கிடந்த தோல் தேய்ஞ்சு போச்சாம். நாளைக்கே கொழும்புக்குக் கொண்டு போகட்டாம்."

"நாளைக்கா? நாளைக்குக் கதவு திறக்கிற."

"அதத்தான் நானும் டொக்டரிட்டச் சொன்ன."

"அவர் என்ன சொன்னவர்?"

"எந்தக் கதவெண்டு கேட்டார்," என்றாள் கம்சாயினி.

போடியார் எழும்பி நின்றார். பிறகு இருந்தார். கோபம் வந்தால் அவருக்கு அப்படித்தான். ஆனால் ஆர் மேல் கோபப்படுவது என்பது இந்த விசயத்தில் அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. டொக்டர் மேலா? மயிரளவு குழாய் மேலா?

அவள் பிறந்தபோது ஊரே வந்து கண்ணைத்தான் பார்த்தது. இரண்டு கண்ணும் பெரிசு, கருகருவென்று பளபளத்துக்கொண்டிருந்தன. 'அம்மனே வந்து பிறந்திருக்கிறா' என்று கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் சொன்னார். கண்ணூறு படும் என்று அன்னப்பூரணி பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தாள். வெளிச்சத்தைக் கண்டால் பிள்ளை முகத்தை மூடி அழுவதையும், ஓயாமல் கண்ணீர் வடிவதையும் நாவூறு என்று நினைத்து மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கண்ணுக்குள் தண்ணீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் கூடித்தான் கண் அப்படி ஊதியிருக்கிறது என்று தெரிய வந்தபோது பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். இடது கண்ணில் நிழல்தான் மிஞ்சியது. வலது கண்ணைக் காப்பாற்ற முதலில் ஒரு வெட்டு வெட்டினார்கள், அது அடைபட்டது. பிறகு கொழும்பில், மேலிமைக்கு உள்ளே நகக்கண் அளவில் ஒரு தட்டு வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைக் கண்ணுக்குள் விட்டார்கள். உள்ளே சேரும் நீர் குழாய்வழியே தட்டுக்கு வந்து அங்கே ஊறிப்போகும். வட்டைக்கு வடிச்சல் வாய்க்கால் மாதிரி என்று போடியார் விளங்கிக்கொண்டார். கையெழுத்து வைத்ததும் அவர்தான்.

கையெழுத்து வைத்துவிட்டு வந்து, ஊருக்கு அவர் சொன்னது வேறு: பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, கொழும்பில் வைத்துப் பார்த்தோம். காரணம் இருந்தது. முதல் உலக்கை தூக்குகிற பிள்ளைக்கு உடம்பில் பழுது இருக்கக் கூடாது என்பது பழைய கட்டு. பழுது என்று ஒரு வாய் சொன்னால் உலக்கை அடுத்த உரிமையுள்ள ஆச்சிப்பிள்ளையின் குடிக்குப் போகும். போனது திரும்பாது.

அதனால் அந்த வீட்டில் கண் மருந்து, குளிரட்டும் என்று மண்முட்டித் தண்ணீருக்குள் சிரட்டையில் மிதந்தது. ஆள் வந்தால் மருந்து இல்லை. ஆள் போன பிறகுதான். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் காட்டச் சொன்னதைப் பிள்ளை பெரிசாகும்வரை ஒழுங்காகக் காட்டினார்கள். அவள் பெரியபிள்ளையானதும் போடியார் மறித்தார். மாதம் போய் மாதம் வந்து கண் கிளினிக்கில் குந்தினால் ஊர் என்ன சொல்லும்? குழாய் வேலை செய்கிறதுதானே, பிள்ளை படிக்கிறாள்தானே. கேட்டால் அதுதான் பதில்.

"ஒருக்கா வைச்சா முடிஞ்சுதெண்டுதானே அண்டைக்குச் சொன்னவங்க," என்றார் இப்போது.

"அப்பிடி ஆரும் சொல்லல்ல மாமா. நீங்கதான் சொன்ன."

"கம்சா!" என்றாள் தாய்.

"விடுங்கம்மா. மாமா, மாரியில முகத்துவாரத்த வெட்டி விடுறாங்க. ஒருக்கா வெட்டினா சரியா? மறுகா மண் வந்து மூடுது, மறுகா வெட்டுறாங்க. அதுக்கு நீங்க ஆரோடயும் கோவிக்கிறல்லியே? இதுவும் அப்பிடித்தானாம். தட்டைச் சுத்தித் தசை வளர்ந்து அடைக்குமாம். அடைச்சாப் பிறகு மருந்து கூட்டணுமாம், இல்லாட்டி இன்னொண்டு வைக்கணுமாம். காட்டிக்கொண்டு இருந்தா வெள்ளண தெரிஞ்சிருக்குமாம்."

"டொக்டர் ஏசினவரா?"

"ஏசல்ல. ஏசியிருந்தா நல்லம். 'ஏன் இவ்வளவு வருசம் வரல்ல' எண்டு மெதுவாக் கேட்டார். அம்மா நிலத்தப் பார்த்த. நான் ஆகாயத்தப் பார்த்த. அவர் பாவம், சுவரப் பார்த்தார்."

போடியார் வேலிப் பக்கம் திரும்பினார். வேலிக்கப்பால் கோயில் பக்கமாக ஆரோ பந்தலுக்குத் தடி அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வழி என்று அவர் நினைத்தார்.

"மூண்டு குத்துத்தானே மகள். உலக்கையில கைய மட்டும் வை. உன்ட அம்மா பின்னால நிண்டு தூக்குவா. தலைக்கு முக்காடு போட்டுக்கொள். குத்திப்போட்டு நாலாம் நாள் கடைசிக் குளிர்த்திப் பூசை முடிய..."

"நாளைக்குக் காப்புக் கட்டினா குளிர்த்தி முடியும்வரைக்கும் ஆத்தத் தாண்ட ஏலாதே."

"அதுதான், முடிஞ்ச கையோட போவம். நானே கூட்டிப் போறன்."

"உமி பறக்கும் மாமா," என்றாள் அவள். இப்போது பகிடி இல்லை. "குழாய்ர மூடி திறந்து கிடக்கு. ஒரு தூசி போய்க் கிருமி புகுந்தா நேரே கண்ணுக்குள்ளதானாம். ஒரு ராத்திரி போதுமாம். எனக்கு இருக்கிறது இந்த ஒரு கண்தான்."

அந்த நேரத்தில் ஜெயரூபன் வந்தான். அன்னப்பூரணியின் புருசன், இறால் பிடிக்கிறவன். சடங்கு வீட்டுக்குள் மீன், மச்சம் கொண்டுவரக் கூடாது என்று பிடித்ததைத் துறையிலேயே விற்றுவிட்டு, கிணற்றடியில் முழுகி, ஈரச் சாரத்தோடு நின்றான். எல்லாவற்றையும் வேலிக்கு அப்பால் நின்றே கேட்டிருந்தான் போலிருக்கிறது.

"நாளைக்கு முதல் பாதையில நான் கூட்டிப் போறன்," என்றான்.

"குடி விசயம் பேசுறம் மச்சான்," என்றார் போடியார்.

"பேசுங்க. நான் இந்தக் குடி இல்லத்தான். எனக்கு உலக்கையும் இல்ல, கோயிலில காளாஞ்சி மரியாதையும் இல்ல. நான் அவட அப்பன்."

இருபது வருசத்தில் அந்த வளவுக்குள் ஜெயரூபன் இவ்வளவு பேசியதில்லை. பேசிவிட்டுக் கொடியில் கிடந்த சேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்னப்பூரணி கொண்டுவந்து வைத்த தயிரும் சோறும் அப்படியே கிடந்து ஈ மொய்த்தது.

"அண்ணன், சாப்பிடுங்க."

"உலக்கைய என்ன செய்யிற, அதச் சொல்லு முதல்ல."

"எனக்குத் தெரியா அண்ணன். எனக்கு உலக்கையும் வேணும், கண்ணும் வேணும். நான் ஆரிட்டக் கேக்கிற?"

பின்னேரம் கோயில் முன்றலில் குடித் தலைவர்கள் கூடினார்கள். ஆண்டாண்டு நடக்கிற கூட்டம்தான்: ஆர் ஆர் காப்புக் கட்டுவது, எந்த வீட்டு விளக்கு எந்த நாள், நெல்லை ஆர் கொண்டுவருவது. போடியார் வெளுத்த வேட்டி கட்டி, சால்வையை மடித்துப் போட்டு வந்தார். மடியில் வெற்றிலைச் சுருளுக்குள் வெள்ளிக் கண்மடல் ஒரு சோடி இருந்தது. கண்ணில் நோய் நொம்பலம் உள்ளவர்கள் அம்மனுக்கு நேர்ந்து வைப்பது அது. பிள்ளைக்குக் குழாய் வைத்த வருசம் தொடங்கி ஒவ்வொரு சடங்குக்கும் அவர் ஒரு சோடி வைத்து வருகிறார். பிள்ளையின் பெயரில் வைக்க முடியாதே, தன் பெயரில்தான். 'கண்ணில் கடி அரிப்பு' என்று கட்டாடியாரிடம் ஒரு சொல் சொல்வார்.

நெல்லுக்குத்துப் பேச்சு வந்ததும் கட்டாடியார் வழமைபோல, "முதல் உலக்கை போடியாரின் குடி" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தார்.

"இந்த வருசம் பிள்ளைக்குத் தோதில்ல," என்றார் போடியார். குரல் அசையவில்லை. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய். "இண்டைக்குத்தான் தூரமான. சடங்கு முடியும்வரை கோயில் பக்கம் வர ஏலாது."

பெண்ணின் தீட்டைப் பற்றி ஆண்கள் மேலே பேச மாட்டார்கள். அதுதான் அந்தப் பொய்யின் பலம். ஒரு வருசம் உலக்கை நின்றாலும் பழுது என்ற பேச்சு வராது. ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஆச்சிப்பிள்ளை பார்க்கவில்லை. மற்றக் குடியின் மூத்த பெண் அவள். தலைமை ஏற்க ஆண் இல்லாத தன் குடிக்காகப் பந்தல் காலடியில் இருந்து, பாக்கு இடித்துக்கொண்டே கூட்டம் கேட்பவள்.

"காலைல பாதையில போனதும் பகல் வந்ததும் நானும்தான் போடியார். எனக்கு முன்னுக்குத்தான் பிள்ளை நிண்ட. கண்ணில மூடி. அது தூரத்துக்குப் போடுறதா?"

ஆரோ சிரித்து, இருமலாக மாற்றினான்.

"கண்ணில தூசு," என்றார் போடியார்.

"போடியார், கோவிக்கப்படாது." அவள் பாக்கு இடிக்கும் உலக்கையைக் கீழே வைத்தாள். "வட்டையில நிண்டுகொண்டு ஆத்துக்கு அங்கால பறக்கிறது கொக்கா நாரையா எண்டு சொல்லுற கண்ணு ஒங்கட கண்ணு. அந்தக் கண்ணுக்கு ஆரும் வருசா வருசம் கண்மடல் வைப்பாங்களா? நாங்க என்ன, ஆறறிவும் இல்லாத சனமா?"

கட்டாடியார் விபூதித் தட்டை எடுத்து, காரணமில்லாமல் வேறு இடத்தில் வைத்தார்.

"பிள்ளைக்குக் கண்ணில குழாய் வைச்ச கதை அந்த வருசமே தெரியும்," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "கொழும்பில பக்கத்துக் கட்டிலில கிடந்தது களுவாஞ்சிக்குடி ஊர்ப் பிள்ளை. அதுட தாய் எனக்கு மச்சாள். ஊரில தெரியாத ஆள் ஆரு? நீங்க மறைக்கிறீங்க எண்டு நாங்களும் மறைச்ச. அவள் உலக்கை தூக்கின நேரமெல்லாம் அம்மனும் பார்த்துக்கொண்டுதான் இருந்த. ஒரு குறையும் சொல்லல்லியே."

"பழுது எண்டு..." போடியார் தொடங்கினார்.

"எங்களுக்கு உலக்கை வேணுமெண்டா எப்பவோ கேட்டிருப்பம்."

அது இரக்கத்தோடுதான் சொல்லப்பட்டது. அதனால்தான் போடியாருக்கு அது செருப்படியாக விழுந்தது. எதிரி என்று நினைத்து அவர் காவல் காத்த வேலிக்கு மறுபக்கம் நின்று, எதிரியும் அதே வேலியைக் காத்திருக்கிறாள். அப்படியென்றால் முட்டிக்குள் மிதந்த மருந்து ஆருக்காக? ஆள் வந்த நேரமெல்லாம் ஊற்றாமல் விட்ட சொட்டு ஆருக்காக? மறித்த கிளினிக்? அவரால் ஆர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பார்த்தால் எல்லா முகத்திலும், தெரியாத மாதிரி இருந்து பழகிய அந்த மரியாதை இருக்கும்.

"நெல்ல எங்கட புள்ளையள் குத்தட்டும்," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "முதல் மூண்டு குத்தும் ஒங்கட குடிப் பேர் சொல்லித்தான். கட்டாடியார், என்ன சொல்றீங்க?"

"அம்மன் ஏற்பா," என்றார் கட்டாடியார்.

போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "எனக்கும் காப்பு வேணாம் இந்த வருசம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அதை வளைக்க அவருக்குத் தெரியாது. கண்மடலைக் கொடுக்காமலேயே திரும்பிவிட்டார் என்பது வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது.

விடிய, கோயிலில் பறை கேட்கத் தொடங்கிய நேரம், அவர் தங்கை வீட்டுப் படலையில் பையோடு நின்றார். அன்னப்பூரணி விளக்கேற்ற வீட்டில் நிற்க வேண்டும். மடியிலிருந்து வெற்றிலைச் சுருளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கட்டாடியாரிட்டக் குடு. கம்சாயினிர பேர் சொல்லிக் குடு. பலமாச் சொல்லு."

துறையில் பாதை கிளம்பியபோது காற்று இன்னும் எழும்பவில்லை. ஆறு எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. மோட்டர் சைக்கிள்கள், மரக்கறிச் சாக்குகள், டவுனுக்கு வேலைக்குப் போகும் சனம். பெரும்பாலும் ஊர்ச்சனம்தான். எல்லாரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பார்க்காமைதான் நேற்றிலிருந்து போடியாரை எரித்துக்கொண்டிருந்தது.

"மாமா, மருந்து நேரம்," என்றாள் கம்சாயினி. கிருமிக்குக் கொடுத்த சொட்டு மருந்து. மணிக்கொருக்கால் விட வேண்டும்.

"அக்கரைக்குப் போய் விடுவம்." பழக்கத்தில் வந்த சொல். வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

அவள் மருந்துப் போத்தலைத் தகப்பனிடம் நீட்டினாள். ஜெயரூபன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். இறால் முள் கீறிய விரல்கள், வெடிப்புக்குள் உப்பு. "என்ட கை படக் கூடாது மச்சான். எரியும்."

போடியார் கையை, கட்டிக்கொண்டு வந்த போத்தல் தண்ணீரில் கழுவினார். கம்சாயினி பிளாஸ்டரை உரித்து மூடியைக் கழற்றி, இரும்புக் கம்பியில் தலையைச் சாய்த்தாள். அவர் முதன்முறையாக மேலிமையை விரலால் தூக்கிப் பார்த்தார். வெள்ளை விழியின் மேல், சிவந்த தோல் விலகிய இடத்தில், சின்ன வெள்ளை நூல் ஒன்றின் முதுகு தெரிந்தது. இவ்வளவுதானா? இதுவா? இத்தனை வருசம் ஒரு வீட்டையே வாய் பொத்த வைத்தது இந்த நூலா?

சொட்டு முதலில் கன்னத்தில் விழுந்தது. "இன்னும் கிட்டப் பிடிங்க மாமா," என்றாள். இரண்டாவது சரியாக விழுந்தது.

பக்கத்தில் துணிப் பொட்டலத்தின் மேல் இருந்த காத்தான்குடி வியாபாரி உசனார் ஒருவர்தான் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் மனுசன், பார்க்காமல் இருக்கப் பழகாதவர்.

"போடியார், புள்ளைக்கிக் கண்ணுல என்ன?"

பாதையில் இருந்த அத்தனை பேரும் ஆற்றை இன்னும் கவனமாகப் பார்த்தார்கள். ஜெயரூபன் தலையைத் திருப்பினான். போடியார் மருந்துப் போத்தலை மூடினார். மூடி சரியாகப் பொருந்த இரண்டு தரம் முறுக்கினார். பிறகு உசனாருக்கு மட்டுமில்லாமல், பாதையின் அந்தத் தலைவரைக்கும் கேட்கும்படி, ஏசுகிற குரலில் சொன்னார்:

"குழாய். கண்ணுக்குள்ள குழாய் வைச்சிரிக்கு, பதினாறு வருசமா. இப்ப வெளிய வந்திட்டுது. பார்க்கிற ஆக்கள் இஞ்ச திரும்பி நல்லாப் பாருங்க."

முதலில் ஆரும் திரும்பவில்லை. பிறகு, ஓரக் கம்பியோடு சாய்ந்து நின்ற ஒருத்தி திரும்பினாள்.

"எந்தக் கண் போடியார், வலதா இடதா?"

"வலது," என்றார் போடியார். "பார்க்கிற கண்."